எதிர்மூலையில் ஐந்து பச்சைப் புள்ளிகள்

செவ்வாய், ஜூன் முதல் வாரம், காலை. டிக்கோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. சரிவில் மண் வெட்டும் வேலைகள் அனைத்தையும் நிறுத்துமாறு அதில் கூறப்பட்டிருந்தது.

செவ்வாய், மாலை. மழை விட்டது. மூடுபனி இறங்கியது. குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் மேற்பிரிவுத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குச் சென்று, அண்மையில் பிரசவித்த தாயையும் சிசுவையும் பார்வையிட்டார். அவர்களை இரண்டு படங்கள் எடுத்தார். பஸ் ஓடாததால் அந்த வீட்டிலேயே தங்கினார்.

புதன், விடியுமுன். லயத்தின் பின்புறச் சரிவு இறங்கியது. பின்னறைகள் மூடுண்டன. முன்னறைகளில் படுத்திருந்தோர் தப்பினர்.

புதன், பிற்பகல். உத்தியோகத்தரின் உடல் மீட்கப்பட்டது.

வெள்ளி. முன்னறை ஆணியில் மாட்டியிருந்த அவருடைய பையைப் பொலிஸார் உறவினரிடம் ஒப்படைத்தனர். அதில் கமரா ஒன்று இருந்தது.

*

இளைய நண்பர்களே,

வில்லைகளைப் பழுதுபார்க்கவும் படங்களைப் பரிசோதிக்கவும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்திலிருந்து ஏதேனும் எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். மேலே உள்ளது விசாரணைக் குழுவுக்கு நான் கொடுத்த அறிக்கையின் முதற்பக்கம். அதற்கு அடுத்த வரி இது: “படங்களை எடுத்த உத்தியோகத்தர் என் மகள்.”

அந்த வரியை அடிக்குறிப்பில் போடலாம், கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று நலம் விரும்பிகள் சிலர் கூறினார்கள். பரிசோதிப்பவனுக்கு ஒரு விருப்பம் இருக்குமானால், அதை வாசிப்பவர் முதலில் அறிய வேண்டும். அதற்குப் பிறகு அவர் நம்பலாம், நம்பாமல் விடலாம். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை.

முதலில் பழைய சம்பவம் ஒன்று. நான் கொழும்பில் ஒளியியல் பணிமனையொன்றில் சேர்ந்த காலம். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அம்மையார் அதிகம் பேசமாட்டார். அணைக்கட்டொன்றின் சுவரை அளக்கும் கருவி பழுதுபார்க்க வந்திருந்தது. அதன் வில்லையில் வண்ண வளையங்கள் தெரிந்தன. பூச்சு கெட்டுவிட்டது, சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும் என்று பிரிவில் எல்லோரும் முடிவு செய்தோம். அம்மையார் வில்லையைத் துடைக்கவும் விடவில்லை. வில்லை பொருந்தியிருந்த குழலை விரலால் மெல்ல அழுத்தினார். வளையங்கள் நகர்ந்தன. பூச்சின் நிறம் அழுத்தினால் நகராது. ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகள் விலகி, இடையில் புகுந்த காற்றுப் படலத்தால் உண்டான வளையங்கள் அவை. கருவி எவ்வளவு காலமாகப் பிழையான அளவுகளைத் தந்துகொண்டிருந்தது என்பதை அணைக்கட்டுக்காரர்கள் பிறகு கணக்கிட்டுக்கொண்டார்கள். கண்ணாடிகளைப் பிரித்துச் சுரண்டியிருந்தால் வளையமும் போயிருக்கும், காரணமும் போயிருக்கும். அன்று அம்மையார் சிங்களத்தில் சொன்னது ஒரே வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “அழகில்லாததை எல்லாம் அழுக்கு என்று எழுதாதீர்கள்.”

இனி என் மகளின் கமராவைப் பற்றி.

அவள் பெயர் மாதங்கி. முதல் நியமனம் கிடைத்தபோது நான் அவளுக்கு ஒரு பழைய வில்லையைச் சீர்செய்து கமராவுடன் கொடுத்தேன். பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போகும்போது தாயையும் சேயையும் ஒரு படம் எடுத்து, ஹட்டன் கடைவீதியில் உள்ள சரவணனின் ஸ்டூடியோவில் பிரதி போட்டு, அடுத்த முறை போகும்போது கொடுப்பாள். லயங்களில் பல வீடுகளின் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கும்.

அந்த வில்லையில் ஒரு குறை இருந்தது. நீங்கள் அறிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். வில்லையின் மேல் நாம் இடும் பூச்சு ஒளியலையின் நீளத்தில் கால்பங்கு தடிப்புள்ள படலம். அதன் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியும் அடிப்பரப்பில் தெறிக்கும் ஒளியும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. இதையே அலைகளின் தலையீடு என்று படித்தோம். எல்லா நிறமும் ஒரே அளவில் அழிவதில்லை. எஞ்சுவது நிறமாகத் தெரிகிறது. ஹட்டன் பஸ் நிலையத்தில் மழைநீரின் மேல் எண்ணெய் படிந்து காட்டும் நிறங்களும் இதன் உறவினரே. மாதங்கியின் வில்லையில் உட்பக்கக் கண்ணாடி ஒன்றின் பூச்சு சற்றுத் தேய்ந்திருந்தது. அதனால் எதிரே வலுவான விளக்கு இருந்தால், படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், தலைகீழாக, மங்கலான பச்சைத் தெறிப்பு ஒன்று விழும். மாற்றித் தருகிறேன் என்று பலமுறை சொன்னேன். “இருக்கட்டும்பா. ஒங்க மின்மினி வந்தாத்தான் நான் எடுத்த படம்னு தெரியுது” என்று சொல்லிவிடுவாள்.

பை வந்த பிறகு, நனைந்திருந்த வில்லையை நான் கழற்றி உலர்த்தினேன். நினைவட்டையில் உள்ள படங்களைத் திறந்து பார்க்க எனக்கு மனத்தெம்பு இருக்கவில்லை. அதைச் சரவணனிடம் கொடுத்து, கடைசியாக எடுத்த படத்தை மட்டும் பிரதி போட்டுத் தருமாறு கேட்டேன்.

கருமாதி அன்று அவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொண்டுவந்தார். இஸ்தோப்பில், அதாவது லயத்து வீட்டின் முன்தாழ்வாரத்தில், சுகன்யா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. கூரைக்கு மேலே, இடது மூலையில், மலைச்சரிவில் பனிக்குள் பெரிய வெள்ளை ஒளித்திட்டு ஒன்று. வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். நான் வலது கீழ்மூலையைப் பார்த்தேன். அங்கே இஸ்தோப்பின் ஈரமான படி இருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

அவ்வளவு வலுவான ஒளி எதிரே இருக்கும்போது அந்த வில்லை அங்கே ஒன்றுமில்லாமல் விடாது.

சுகன்யா ஏற்கெனவே விசாரணையில் சாட்சி சொல்லியிருந்தாள். படம் எடுக்கும்போதே மேலே பெக்கோ இயந்திரம் மண் வெட்டும் சத்தம் கேட்டதாகச் சொன்னாள். நிர்வாகம் மறுத்தது. எச்சரிக்கை வந்ததும் பெக்கோவை இறக்கித் தொழிற்சாலைக் கொட்டகையில் நிறுத்திவிட்டதாகவும், அவள் கேட்டது தொழிற்சாலைச் சத்தம் என்றும், சரிவில் தெரிந்தது தண்ணீர்த் தொட்டிக் காவல் விளக்கு என்றும் எழுதிக் கொடுத்தது. லயத்தில் மேலும் சிலர் சத்தத்தைக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் அதே பதில் கிடைத்தது. புதிய பாதைக்காக எச்சரிக்கைக்குப் பிறகும் சரிவின் அடியை வெட்டினார்களா என்பதே கேள்வி. அதற்கு லயத்து மக்களின் காதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். அந்த மூலையில் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். சரவணன் மறைக்கவில்லை.

“பச்சப் புள்ளிங்க கொஞ்சம் இருந்துச்சுங்க சார். பாக்க அசிங்கமா இருந்துச்சு. மிஸ்ஸோட கடைசிப் படமாச்சேன்னு நானே ஒக்காந்து அழிச்சேன். வேற யார்கிட்டயும் குடுக்கல.”

பல ஆண்டுகளாக அவர் அவளுடைய படங்களில் அப்படித்தான் செய்துவந்தார் என்று அப்போதுதான் அறிந்தேன். மின்மினி என்று அவள் சொன்னது கமராவின் திரையில் பார்த்ததை. வாடிக்கையாளர் கையில் போகும் பிரதியில் மாசு இருக்கக்கூடாது என்பது ஸ்டூடியோவின் மரியாதை.

புள்ளிகள் எப்படி இருந்தன என்று கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் ஒரு பில் துண்டைத் திருப்பி வரைந்தார். நான்கு புள்ளிகள் ஒரு கட்டம்போல. ஐந்தாவது, கட்டத்துக்குக் கீழே, தனியாக.

காவல் விளக்கு ஒன்றுக்கு ஒரு புள்ளிதான் விழும். நேர்ப்படத்தில் விளக்கு மிகையொளியாலும் பனியாலும் ஊதி வெள்ளைத் திட்டாகிவிடும். அதில் எதுவும் பிரித்தறிய முடியாது. தெறிப்பு அதைவிடப் பலமடங்கு மங்கல். பனியின் பரவல் அதில் பதியாது, விளக்குகளின் நடு மட்டும் பதியும். நேரே பார்க்க முடியாத சூரியனைக் கிணற்று நீரில் பார்ப்பதுபோல. பெக்கோவின் ஓட்டுநர் கூண்டில் நான்கு விளக்குகள், மண் வாரும் நீண்ட கையில் ஒன்று. தெறிப்பு தலைகீழானது. கீழே தனியாக விழுந்த புள்ளிக்கு உரிய விளக்கு, சரிவில் மேலே, உயர்த்திய கையில் இருந்திருக்க வேண்டும். பெக்கோவை நிறுத்துபவர்கள் கையைத் தரையில் ஊன்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். கை உயர்ந்திருந்தால் அது வேலை செய்துகொண்டிருந்தது.

மூலப்படம் எங்கே என்று கேட்டேன்.

அவர் திருத்திய படத்தைக் கணினியில் அதே பெயரில் சேமித்திருந்தார். அட்டையைச் சுத்தம் செய்துவிட்டிருந்தார். காலி அட்டையாகத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், மாதங்கி அவரிடம் பிரதி போட்ட பழைய படங்கள் அனைத்தையும் அதில் நிரப்பி வைத்திருந்தார். அழிந்தவற்றை மீட்கும் வழிகளை எல்லாம் முயன்றோம். நிரம்பிய அட்டையிலிருந்து எதுவும் திரும்பவில்லை. அவருடைய கணினியில் எஞ்சியது இரண்டில் முதலாவதாக எடுத்த படம். அதில் குழந்தை கண்ணை மூடியிருந்தது. பிரதிக்கு உதவாது என்று சரவணன் அதைத் தொடவில்லை.

அந்தப் படத்தின் மூலையில் ஐந்து புள்ளிகள் இருந்தன. ஐந்தாவது, கட்டத்துக்கு மேலே இருந்தது. அதாவது, முதற்படத்தில் பெக்கோவின் கை தரையில். இரண்டாவதில் கை மேலே. இரண்டும் சேர்ந்தால் இயந்திரம் அசைந்தது என்பதற்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும் இருந்தால், இயந்திரம் அங்கே விளக்கெரிய நின்றது என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

விளக்கிச் சொன்னேன். சரவணன் கதிரையை இழுத்துக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“நான் அழிச்சதுதானுங்க. எங்க இருந்துச்சுன்னு எனக்கு அச்சுக்குத்தின மாதிரி ஞாபகம் இருக்கு. திரும்ப வச்சிர்றேன் சார்.”

வேண்டாம் என்றேன். அவர் நிறுத்தினார். ஆனால் அந்தப் பேச்சு கடையோடு முடியவில்லை. சில நாட்களில் சுகன்யா, குழந்தையைத் துவாயில் சுற்றிக்கொண்டு, ஹட்டனில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். சரவணன் அவளிடம் சொல்லியிருந்தார். தேநீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

“சார், இருந்ததத்தானே அவரு வைக்கிறேங்கிறாரு? இல்லாததயா வைக்கப் போறாரு?”

இருந்ததுதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் முன்பு அங்கே இருந்தது அவள் வீட்டுக்கு மேலே எரிந்த விளக்கின் ஒளி, இனிமேல் வைத்தால் அது சரவணனின் கைவேலை என்று சொன்னேன். நான் அதை எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்பது தெரியவில்லை.

“அப்ப எங்க காதுல கேட்டதும் பொய்யி. படமும் இல்ல. அவங்க எழுதிக் குடுத்தது மட்டும் நெசம். அப்பிடித்தானுங்களே?”

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். எழுந்திருக்கும்போது, என்னைப் பார்க்காமல், வேறு ஒன்றைச் சொன்னாள்.

“அக்காவ பின்னுக்கு அடுப்படிப் பக்கம் படுக்கச் சொன்னதே நாந்தாங்க. முன்னுக்குக் குளிருமேன்னு.”

அன்றிரவு குளிர் அதிகம், அவள் செய்தது சரியான காரியம் என்றேன். அந்த வாக்கியத்தை நான் எழுதியும் பார்த்திருக்கிறேன். அதில் திருத்த ஒன்றுமில்லை.

அவள் போன பிறகு, திருத்திய படத்தையும் எஞ்சிய முதற்படத்தையும் என் கணினியில் அருகருகே வைத்தேன். விளக்கின் இடம் தெரியும். வில்லையின் வளைவு தெரியும். பூச்சின் தடிப்பு தெரியும், அது விடும் பச்சையின் சாயல் தெரியும். சரவணன் வைத்தால் எவராவது கண்டுபிடிப்பார்கள். நான் வைத்தால் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுவே நான் அதைச் செய்யாமல் விட்டதற்குக் காரணம். நம் தொழிலில் ஒருவரை நம்புவதற்கு வேறு அத்தாட்சி இல்லை. அவரால் முடிந்தும் செய்யாமல் விட்டவை மட்டுமே உண்டு, அவற்றையும் எவரும் பார்ப்பதில்லை. இதை அறிவுரை என்று கொள்ளாதீர்கள். அது சரியான முடிவுதானா என்பதை நான் இன்னும் சுகன்யாவின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செய்ய முடிந்ததைச் செய்தேன். எஞ்சிய படத்தின் புள்ளிகள் பெக்கோவுடையவை என்று நிறுவ ஒரு பரிசோதனை தேவைப்பட்டது. தலவாக்கலையில், ஆட்கள் குடியில்லாத மைதானம் ஒன்றில், ஒப்பந்தக்காரர் ஒருவர் தம்முடைய பெக்கோவைத் தந்தார். விசாரணைக் குழுவின் அலுவலர் ஒருவர் சாட்சியாக நின்றார். பனி இறங்கும்வரை காத்திருந்தோம். பெக்கோ ஓட்டுநர் நடுவயதுக்காரர், வாய் ஓயாதவர்.

“என்னாங்க சார், நம்ம பெக்கோவுக்குப் பொண்ணு பாக்கவா படம் புடிக்கிறீங்க? மூஞ்சி கழுவிட்டு வந்திருப்பேனே.”

அலுவலர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். மாதங்கியின் கமராவாலேயே, கையை இறக்கச் சொல்லி எடுத்தோம், உயர்த்தச் சொல்லி எடுத்தோம், காவல் விளக்கொன்றை மட்டும் ஏற்றி எடுத்தோம். இயந்திரத்துக்கு எப்போதும் ஐந்து புள்ளிகள் விழுந்தன, காவல் விளக்குக்கு ஒன்று. கை உயரும்போது ஐந்தாவது புள்ளி கீழே இறங்கியது. சரவணன் பில் துண்டில் வரைந்த இடத்துக்கே வந்தது. அவர் வரைந்தபோது தெறிப்பு தலைகீழாக விழும் என்பதை அறியாதவர். அவர் நினைவு உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. என் ஐயமின்மை சான்று ஆகாது.

ஓட்டுநர் இறங்கி வந்து கமராவின் திரையை எட்டிப் பார்த்தார். எதற்கான வேலை இது என்று அலுவலர் அவரிடம் சொன்னார். நாங்கள் புறப்படும்போது ஓட்டுநர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு இருட்டில் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.

விசாரணையில் என் அறிக்கை வாசிக்கப்பட்டது. மகளைப் பற்றிய வரி வந்ததும் நிர்வாகத்தின் சட்டத்தரணி எழுந்தார். தகப்பன் எழுதிய அறிக்கை என்றார். ஆம், அதனால்தான் அது தொடக்கத்திலேயே இருக்கிறது என்று குழுத் தலைவர் சொன்னார். படமும் பரிசோதனையும் எல்லோருக்கும் காட்டப்பட்டன. அடுத்த அமர்வில் நிர்வாகம் தன் கூற்றை மாற்றிக்கொண்டது. பெக்கோ கொட்டகையில் இருக்கவில்லை, பாதை வழுக்கியதால் இறக்க முடியாமல் சரிவிலேயே நிறுத்தப்பட்டது, களவு போகாதிருக்க விளக்குகள் எரியவிடப்பட்டன என்றது. படத்தில் கை தரையில் இருப்பதை அதே சட்டத்தரணி எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரி. அந்தப் படத்தில் கை தரையில்தான் இருந்தது.

சரவணன் சாட்சி சொன்னார். அழித்ததை ஒப்புக்கொண்டார், ஐந்தாவது புள்ளி எங்கே இருந்தது என்றும் சொன்னார். தகப்பன் விளக்கிய பிறகு வந்த நினைவா, அதற்கு முந்திய நினைவா என்று சட்டத்தரணி கேட்டார். முந்தியது என்றார். எழுதிய அத்தாட்சி உண்டா என்று கேட்டார். பில் துண்டை நான் கொடுத்தேன். அதில் திகதி இல்லை.

இடைக்கால முடிவு இரண்டு வரி. இயந்திரம் சம்பவத்துக்கு முந்திய மாலை சரிவில் இருந்தது. அது இயங்கியதா என்பது நிறுவப்படவில்லை.

வெளியே வந்தபோது சரவணன் படிக்கட்டின் ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார் என நினைக்கிறேன். அவர் அழித்தது அன்பினால். அதனால் மூலையில் இருந்தது திரும்பிவிடாது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. பஸ் வந்ததும் ஒரே பஸ்ஸில், ஒரே இருக்கையில் ஹட்டன்வரை வந்தோம். வழியில் அவர் ஒரே ஒரு தடவை பேசினார்.

“இனிமே ஒரு புள்ளியும் அழிக்க மாட்டேங்க சார்.”

சுகன்யா அன்று வரவில்லை. முடிவை அவளுக்கு நானே போய்ச் சொன்னேன். இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மண்டபத்தில், மேசைகளுக்கும் துணிமூட்டைகளுக்கும் நடுவில் அவள் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பெக்கோ அங்கே இருந்ததை ஒத்துக்கொண்டார்கள் என்றேன். “இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்களா” என்று திருப்பிக் கேட்டாள். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “இருந்துச்சாம்டி” என்றாள். நான் திரும்பும்போது படத்தைக் கேட்டாள். அவள் வீட்டுச் சுவரும் இல்லை, அதில் இருந்தவையும் இல்லை. அக்கா எடுத்தது ஒன்றாவது வேண்டும் என்றாள்.

நண்பர்களே, உங்கள் மேசைக்கு வரும் படங்களில் கண்ணை உறுத்தும் பச்சையும் ஊதாவும் வளையமும் கீற்றும் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றுக்குப் பொருள் இல்லை. எது பொருளுள்ளது என்பதை அழிப்பதற்கு முன் அறிய வழியும் இல்லை. மூலத்தை வேறு பெயரில் வைத்துவிட்டுக் கையை வையுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே.

இன்னும் செய்யாதவை:

வில்லையின் பூச்சளவை, என்னோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் அளப்பிக்க வேண்டும். இறுதி அமர்வுக்கு முன்.

தொழிற்சாலைக் கொட்டகையில் அன்று மாலை கடமையில் இருந்தவரைக் குழு இன்னும் அழைக்கவில்லை. அழைக்குமாறு எழுத வேண்டும்.

நினைவட்டையில் சரவணன் நிரப்பித் தந்த படங்களைப் பார்க்க வேண்டும்.

சுகன்யாவுக்குப் படம் கொடுக்க வேண்டும். குழந்தை கண் திறந்திருக்கும் படத்தைத்தான் அவள் கேட்கிறாள்.